அம்மாவின் வலது கடைவாய்ப் பல்

எங்கள் வீட்டில் முறுக்கு சரியாக வந்திருக்கிறதா என்பதை முடிவு செய்தது அம்மாவின் ஒரு பல். வலது பக்கம், கீழ்த்தாடை, முன்கடைவாய்ப் பல். முதல் ஈட்டை எண்ணெயிலிருந்து எடுத்ததும் ஒரு முறுக்கைத் தனியாக ஆறவிடுவாள். ஆறிய பிறகு வெளிச்சுற்றில் ஒரு துண்டை ஒடித்து அந்தப் பல்லில் வைத்து, உதட்டை மூடிக்கொண்டு கடிப்பாள். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கடித்துவிட்டு அடுப்பைக் குறைப்பாள், அல்லது மாவில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் சேர்ப்பாள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் அடுத்த ஈட்டைப் போடுவாள். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியில் விற்பதற்கு முறுக்குப் போடுகிற வீடுகள் பல. சிலர் நிறத்தைப் பார்ப்பார்கள். சிலர் எண்ணெயில் நுரை அடங்குவதைப் பார்ப்பார்கள். ஒரு முறுக்கால் இன்னொன்றைத் தட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. அம்மா இதையெல்லாம் செய்வாள்; ஆனால் கடிக்காமல் எந்த முறுக்கையும் டின்னில் அடுக்க விடமாட்டாள்.

அந்தப் பல் ஒரு கொய்யாக்காயில் உடைந்தது.

நான் அப்போது பல் தொழில்நுட்பப் படிப்பை முடித்துவிட்டு, சேலத்தில் ஒரு பல் லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா சோற்றை இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. எதிர்வீட்டுச் சித்திதான் சொன்னாள். சித்தி எங்களுக்கு உறவில்லை. அம்மாவுடன் உட்கார்ந்து முறுக்குச் சுற்றுகிறவள், அம்மாவைவிட வாய் நீளம்.

"இத்தன வருசமா முறுக்குக் கடிச்ச பல்லு, போயும் போயும் கொய்யாக்காய்க்கு ஒடைஞ்சு போச்சு. வெளிய சொல்லாதக்கா, ஏவாரம் கெட்டுரும்."

"உன்ற வாய மொதல்ல மூடு," என்றாள் அம்மா.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பல்லில் எப்போதோ வெள்ளி அடைத்திருந்தார்கள். அடைப்பும் அதை ஒட்டியிருந்த பல்லின் மேடு ஒன்றும் சேர்ந்து போயிருந்தன. மிச்சம் நன்றாகத்தான் இருந்தது. விரலால் அசைத்துப் பார்த்தேன், வேர் கெட்டியாக இருந்தது. பாதிக்கு மேல் பல் இருந்தது. எங்கள் லேபுக்கு வருகிற பற்களில் இப்படி நடுத்தரமாக உடைந்தவைதான் அதிகம்.

"புடுங்கிப் போட்டுட்டா ஒரு நாளோட தொல்ல முடிஞ்சுதில்ல?"

"அப்புறம் முறுக்கை எதுலம்மா கடிப்பே?"

"அந்தப் பக்கமும் பல்லு இருக்குதில்ல, சாமி."

சித்தி சிரித்தாள். "அதுக்கு என்னக்கா தெரியும்? அது சோறு திங்கத்தான் லாயக்கு."

சித்தி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அம்மா இடது பக்கம் கடித்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு ஈட்டை இரண்டு தடவை கடிப்பாள். சித்தியிடம் நீட்டுவாள். மறுபடி தானே கடிப்பாள். அதற்குள் சட்டியிலிருந்த அடுத்த ஈடு சிவந்துவிடும். "சத்தம் கேக்குது. ஆனா என்னன்னு சொல்ல மாட்டேங்குது," என்றாள் என்னிடம். அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்திராத ஒரு தடுமாற்றம் இருந்தது. அந்தப் பல் போனால் அம்மாவுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போனேன்.

எங்கள் லேபுக்கு வேலை அனுப்புகிற ஒரு டாக்டரம்மாவின் கிளினிக். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். சும்மா அடைத்தால் இவ்வளவு பெரிய அடைப்பு நிற்காது. மெல்லும்போது சுவர் விரிந்து பிளந்துவிடும். முழுசாக மூடி போடலாம். ஆனால் அதற்கு நன்றாக இருக்கிற பக்கங்களையும் சுற்றிலும் சீவ வேண்டும். நடுவில் ஒரு வழி உண்டு. போன பாகத்தை மட்டும், போன மேட்டோடு சேர்த்து, பீங்கானில் தனியாகச் செய்து ஒட்டுவது. குழிக்குள்ளேயே அடங்கினால் அதற்கு இன்லே என்று பெயர். மேட்டையும் மூடினால் ஆன்லே. அம்மாவுக்கு வேண்டியது இரண்டாவது.

"இருக்கிற பல்லை எதுக்கும்மா வீணாச் சீவணும்?" என்றார் டாக்டரம்மா.

"அதுதானுங்க. எது வெரசா முடியுமுங்க?"

"புடுங்கறது மட்டும்தான் வெரசா முடியும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். பழைய வெள்ளியின் மிச்சத்தை எடுத்து, பல்லைப் படிக்கட்டு மாதிரி திருத்தினார்கள். மாவு போன்ற ஒன்றைத் தட்டில் வைத்து வாய்க்குள் கீழும் மேலும் அழுத்தி அளவெடுத்தார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவின் கண் விரிந்தது. பிசைந்த பதம் எப்படி என்று மனதுக்குள் பார்த்திருப்பாள். கடைசியாகத் தற்காலிக அடைப்பு வைத்துவிட்டு டாக்டரம்மா வரிசையாகச் சொன்னார். மரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது. சூடாகக் குடிக்கக் கூடாது. பல் வந்து சேரும்வரை அந்தப் பக்கம் கெட்டியான எதையும் கடிக்கக் கூடாது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தொங்கிய உதட்டோடு "ஆவாங்க, ஆவாங்க" என்றாள்.

அவளை ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அளவெடுத்த தட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நான் லேபுக்கு நடந்தேன். அம்மாவின் வாய் என் கைப்பையில் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் முதலில் வருவது லேபில் இருந்த என் வேலை மேசைதான். இப்போது நான் கோவையில் இருக்கிறேன். பல்லின் உருவம் திரையில் வருகிறது. அதைத் திருப்பி, கோடு இழுத்து, பொத்தானை அழுத்தினால் பக்கத்து அறையில் இயந்திரம் பீங்கானைக் கடைந்து கொடுக்கிறது. வேலை சுத்தம், அளவும் சுத்தம். எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவின் பல்லை நான் அச்சுக்கல் என்கிற சுண்ண மாவைக் கரைத்து வார்த்தேன். அது இறுகும்போது லேசாகச் சுடும். அந்தச் சூட்டோடு கையில் பிடித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த வாயின் உட்பக்கத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் முழுசாகப் பார்த்தேன்.

லென்ஸுக்குக் கீழே அது தனி ஊர் மாதிரி இருந்தது. இடது பக்கப் பற்களில் மேடுகள் மேடாகவே இருந்தன. வலது பக்கம், உடைந்த பல்லுக்கு நேர் மேலே இருந்த பல்லில், ஒரு இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று தட்டையாக இருந்தது. நான் பள்ளிக்கூடம் போனது, படிப்பு முடித்தது, அதற்கு நடுவே வந்த எல்லாப் பொங்கலும் தீபாவளியும் கல்யாணச் சீரும், ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு கடியாக அங்கே தேய்ந்திருந்தன.

எனக்கு வரிசையாக எழுதிக்கொண்டு வேலை செய்வது பழக்கம். அன்றைக்கும் எழுதினேன்: மேட்டின் உயரம், பள்ளத்தின் திசை, பக்கத்துப் பல்லைத் தொடும் இடம், கடிபடும் புள்ளிகள். பாடத்தில் செதுக்கிப் பழகிய பல் புதுப் பல். மேடெல்லாம் கூராக, பள்ளமெல்லாம் ஆழமாக இருக்கும். அப்படிச் செதுக்கினால் மேலே இருக்கிற தேய்ந்த பல்லோடு சேராது. எனவே மெழுகில் முதலில் அழகாகச் செதுக்கி, பிறகு அம்மாவின் தேய்மானத்துக்குத் தகுந்தபடி மழுக்கினேன். எங்கள் சீனியர் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, புதுசு செய்யச் சொன்னா பழசு செய்யறே?" என்றார். "வாய் பழசுங்க சார்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மெழுகைப் பீங்கானாக மாற்றி, மெருகேற்றி, அச்சில் வைத்தேன். சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நகத்தால் ஓரத்தைத் தடவினேன், எங்கும் தட்டவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒரு சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

குறித்த நாளில் டாக்டரம்மா தற்காலிக அடைப்பை எடுத்தார். என் ஆன்லேயை வைத்து அழுத்தினார். உட்காரவில்லை. திருப்பிப் பார்த்தார், மறுபடி வைத்தார். ஒரு ஓரத்தில் இடைவெளி.

நான் அச்சைக் கையில் எடுத்துக்கொண்டேன். அச்சில் சரியாக இருந்தது. வாயில் இல்லை.

டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை நிமிர்த்தினார்.

"அம்மா, நெசமாச் சொல்லுங்க. என்ன கடிச்சீங்க?"

"ஒண்ணும் கடிக்கலீங்களே."

"உள்பக்கச் சுவர்ல ஒரு சில்லு பேந்திருக்குது. அளவெடுக்கும்போது நல்லா இருந்துச்சு."

அம்மா கூரையைப் பார்த்தாள். கைப்பையின் வாரைத் திருகினாள்.

"அன்னைக்கே ஒரு நிச்சயதார்த்தச் சீர் இருந்துச்சுங்க. மொத ஈடு எடுத்தனுங்க. ஒரு துண்டுதானுங்க."

"ஊசி போட்ட அன்னைக்கேயா?"

"மரத்துப்போய்த்தான இருந்துச்சு. வலிக்கவே இல்லீங்க."

டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தார். பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு மட்டும் வரவில்லை.

முழுக் கதை வீட்டில் சித்தி வாயிலிருந்து கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். முதல் ஈட்டில் ஒரு துண்டை வழக்கம்போல வலது பக்கம் வைத்துக் கடித்திருக்கிறாள். ஒடிந்தது தெரியவில்லை. வேகவில்லை என்று நினைத்து அடுத்த ஈட்டை எண்ணெயிலேயே விட்டிருக்கிறாள். மறுபடி கடித்தாள், மறுபடி தெரியவில்லை. தற்காலிக அடைப்புக்குப் பக்கத்தில் இருந்த மெல்லிய சுவர் அப்போதுதான் பேர்ந்திருக்க வேண்டும்.

"முறுக்கெல்லாம் கரியாட்டம் ஆயிப்போச்சு கண்ணு. உங்கம்மா இன்னும் வேகல, இன்னும் வேகலங்கறா. கடைசீல பாத்தா வாயோரம் ரத்தம். கன்னத்தைக் கடிச்சு வெச்சிருக்கறா. அதையும் முறுக்குன்னு நெனச்சுட்டா போல."

"அது நல்லா வெந்துதான் இருந்துச்சு," என்றாள் அம்மா. அப்போதுதான் அவளும் சிரித்தாள். சீருக்கு மறுபடி மாவு பிசைந்து, இரண்டு பேரும் நிறத்தைப் பார்த்தே போட்டு முடித்திருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று வாங்கியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அம்மாவை உறுத்தியது. நல்லா இருந்தால் மறுநாளே ஒரு போன் வருமாம்.

ஆனால் கிளினிக்கில் டாக்டரம்மா சிரித்து முடித்த பிறகு சொன்னது வேறு. சில்லு இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால் உடைசல் ஈறுக்குள் இறங்கியிருக்கும். அப்படி இறங்கினால் பல்லை எடுப்பதைத் தவிர வழி குறைவு. இப்போதும் அந்தச் சுவர் மெலிசு. மறுபடி திருத்தி, மறுபடி அளவெடுக்கலாம். "இன்னொரு தடவை ஒடைஞ்சா என்னைக் கேக்காதீங்க. புதுசு வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் பப்படம்கூட வேண்டாம்."

"சரிங்க," என்றாள் அம்மா. இந்தத் தடவை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

வீட்டில் அடுப்பை நிறுத்த முடியாது. முகூர்த்த மாதம். சித்திக்கு வெற்றிலை போட்டுப் பல்லெல்லாம் ஆட்டம் கண்டிருந்தது. முறுக்கை டீயில் ஊற வைத்துத்தான் தின்பாள். மிச்சம் இருந்தது நான்.

"நீ கடி," என்றாள் அம்மா.

விடுமுறை நாட்களிலும், லேபுக்குக் கிளம்பும் முன் காலையிலும், நான்தான் கடித்தேன். முதல் தடவை, ஒடித்த துண்டை என் வாயில் அவளே வைத்தாள். பிறகு தலையைச் சாய்த்து என் கன்னத்தில் தன் காதை ஒட்டிக்கொண்டாள். அடுப்பு வெக்கையில் அவள் தோடு சூடேறியிருந்தது. என் தாடை எலும்பில் பட்டது. கடலை எண்ணெயும் பெருங்காயமும் வியர்வையும் கலந்த வாசனை.

"மெதுவா. உதட்டை மூடிக்கோ. ம்."

கடித்தேன்.

"ஒண்ணும் கேக்கல. எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதும்மா."

"நல்லா இருக்குதுன்னு கடைக்காரன் சொல்லுவான். எப்பிடி ஒடைஞ்சுது, அதச் சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி கடித்தேன். அவள் மறுபடி காதை வைத்தாள். கேட்காது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அவள் கேட்டது தன் எலும்பு வழியாக, வெளியே வராத சத்தத்தை. இருந்தும் ஒவ்வொரு ஈட்டுக்கும் காதை வைத்தாள். நானும் அதை அவளிடம் சொல்லவில்லை. பதிலாக வார்த்தை தேடினேன். ஒடிவதற்கு முன் ஒரு நொடி வளைகிறது. அம்மா சொன்னாள்: உள்ளே வேகவில்லை. முதல் கடியில் இரண்டாக ஒடிந்து, அதன் பிறகு கல் மாதிரி நிற்கிறது: வெண்ணெய் போதவில்லை. கடித்ததும் மண் மாதிரி உதிர்கிறது: வெண்ணெய் கூடிவிட்டது, சுற்றும்போதே விட்டுப்போயிருக்கும். ஒடிகிறது, ஒடிந்த துண்டு மறுபடி ஒடிகிறது, அப்புறம் தேடினால் நாக்கில் எள்ளும் சீரகமும்தான் இருக்கிறது.

அந்தக் கடைசியைச் சொன்னபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் ஜல்லிக்கரண்டியை எடுத்து அடுத்த ஈட்டைப் போட்டாள்.

சித்தி முறுக்குச் சுற்றி வைக்கிற துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஆத்தாளும் மகளும் ரகசியம் பேசறாப்பல இருக்குது. நானும் ஒரு காது வெக்கட்டுமா?"

"நீ சுத்தற முறுக்கைப் பாரு. கோணையாப் போகுது."

கல்லூரிக்குப் போனதிலிருந்து நான் அம்மாவுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. அவள் கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்துக் கொஞ்சுகிறவள் இல்லை. போய்ட்டு வாரேன் என்றால், ம், என்பாள். அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் நான் வலது பக்கம்தான் முதலில் பல் தேய்த்தேன்.

இரண்டாவது ஆன்லேயை லேபில் செய்தேன். இந்தத் தடவை சுவர் பேர்ந்த இடத்தையும் சேர்த்து மூடும்படி ஓரத்தை இறக்கினேன். மேல்பரப்பு மட்டும் முதல் தடவை மாதிரியே, அதே தேய்மானம். டாக்டரம்மா வைத்தபோது நான் பக்கத்தில் நிற்கவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நீல வெளிச்சம் கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. அது ஒட்டுப் பசையை இறுக வைக்கிற விளக்கு. உட்காராமல் ஒட்டமாட்டார்கள். எழுந்து உள்ளே போனேன்.

கடிபடும் இடத்தில் மை பதிகிற நீலத்தாளை வைத்து, "டக்டக்குன்னு தட்டுங்கம்மா," என்றார் டாக்டரம்மா. அம்மா தட்டினாள். புள்ளிகளைப் பார்த்து ஒரு இடத்தில் மட்டும் துளி மெருகு போட்டார்.

"இப்ப உயரமா இருக்குதா?"

அம்மா நாக்கால் தடவினாள். யோசித்தாள். "ஒரு முறுக்கு இருந்தா சொல்லிருவேனுங்க."

"மரப்பு போகட்டும். நாளைக்கு."

அன்று வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. சித்தி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, ஊர்ல ஏதாச்சும் ஆயிப்போச்சா?" என்று கேட்டாள்.

மறுநாள் முதல் ஈடு ஆறியது. அம்மா ஒரு துண்டை ஒடித்து வலது பக்கம் வைத்தாள். உதட்டை மூடினாள். நானும் சித்தியும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடித்தாள். நிறுத்தினாள். மறுபடி கடித்தாள்.

"என்னம்மா?"

"இரு."

இன்னொரு துண்டு. மென்று விழுங்கினாள்.

"கேக்குது," என்றாள். "ஆனா அடுத்த ஊட்டுல கடிக்கறாப்பல கேக்குது. நீ ஒண்ணு கடி."

கடித்தேன். காதை வைத்தாள். ஒடிந்தது, ஒடிந்தது மறுபடி ஒடிந்தது என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள், தனக்குத்தானே ஏதோ ஒப்பிட்டுப் பார்ப்பவள்போல. அதன் பிறகு கொஞ்ச காலம் ஒவ்வொரு முதல் ஈட்டிலும் இரண்டு துண்டுகள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. முதலில் நான் சொல்வேன், அவள் தன் பல்லில் அதைத் தேடுவாள். பிறகு முறை மாறியது. அவள் முதலில் சொல்வாள், நான் ஆமாம் என்பேன். ஒரு நாள் நான் வேறு சொன்னேன். அவள், இல்லை, நீ அவசரத்தில் கடித்துவிட்டாய் என்றாள். மறுபடி கடித்தேன். அவள் சொன்னதுதான் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். சட்டியிலிருந்து முதல் ஈடு இறங்கியிருந்தது, தட்டில் ஒரு முறுக்கு ஓரம் உடைந்து கிடந்தது. நான் ஈரத் துண்டோடு அடுப்பங்கரை வாசலில் நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சித்தியிடம் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டே அடுத்த ஈட்டை எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தாள். நுரை பொங்கி ஏறியது. கடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுவாள் என்று நின்றேன், கூப்பிடவில்லை. பிறகு தட்டில் கிடந்ததில் ஒரு துண்டை எடுத்து வலது பக்கம் வைத்து, உதட்டை மூடிக்கொண்டு கடித்தேன். சரியாக இருந்தது.